புது வீட்டுக் கூரையில் சத்தமா? யாருக்கும் பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

சிங்கப்பூரில் தரைவீடு பார்க்கப் போகும்போது சுவர் விரிசலைப் பார், தரை ஓட்டைத் தட்டிப் பார், குழாயைத் திறந்து பார் என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சிலிங்கின் மூடியைத் திறந்து மேலே தலையை நீட்டிப் பார் என்று சொல்ல ஒருவரும் இல்லை. எங்களுக்கும் யாரும் சொல்லவில்லை. கட்டி நான்கு ஆண்டுகளே ஆன டெரஸ் வீடு. இரு பக்கமும் அண்டை வீட்டுச் சுவர், மேலே எஃகுத் தகட்டுக் கூரை, கூரைக்கும் சிலிங்குக்கும் நடுவே ஆள் குனிந்து நடக்கிற உயரத்தில் ஒரு பரண். குடிவந்த கொஞ்ச நாளிலேயே இரவில் கூரையில் யாரோ நடப்பதுபோல் டக், டக் என்று கேட்கத் தொடங்கியது. விடியற்காலையில் மழையே இல்லாமல் சிலிங்குக்கு மேல் நீர் சொட்டியது. மாடி அறை ஏசியை எவ்வளவு குறைத்து வைத்தாலும் குளிரவே இல்லை.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் தொடங்கிய இந்தத் தொல்லை அடுத்த தென்மேற்குப் பருவம் வந்த பிறகுதான் தீர்ந்தது. அதற்குள் எலி பிடிப்பவருக்கு 380 வெள்ளி, குழாய் வேலைக்கு 260 வெள்ளி, கூரைக்கு நீர்த்தடுப்புப் பூச்சு அடிக்க 1,900 வெள்ளி எனப் போனது. மூன்றில் ஒன்றும் பலன் தரவில்லை. வந்தவர் ஒவ்வொருவரும் தம் தொழிலுக்கு உரிய காரணத்தையே மேலே பார்த்தார். ஆவிகள் உலவும் காலம் என்று சீனர்கள் நம்பும் ஏழாம் மாதம் வேறு நடந்துகொண்டிருந்தது. வீட்டில் பெரியவர்கள் பூசை வைக்கச் சொன்னார்கள், பிள்ளைகள் மாடியில் தனியாகப் படுக்க மறுத்தார்கள். அந்தப் பயமும் தூக்கமின்மையும் நிஜமானவை. அதில் இன்னொரு குடும்பம் சிக்கக் கூடாது என்பதற்காகத்தான் தெரிந்ததை எல்லாம் இங்கே எழுதுகிறேன்.

முதலில் செய்ய வேண்டியது நேரத்தைக் குறித்துவைப்பது. எந்த நேரம், வெயிலா மழையா காற்றா, வீட்டின் எந்தப் பக்கம், எப்படிப்பட்ட சத்தம் என்ற நான்கை மட்டும் இரண்டு வாரம் எழுதி வையுங்கள். கூடவே 20 வெள்ளிக்குள் கிடைக்கும், கைப்பேசிக்குத் தகவல் அனுப்பும் வெப்ப, ஈரப்பத மீட்டர் ஒன்றைப் பரணில் தொங்கவிடுங்கள். நிபுணர் என்று வருகிறவர் அரை மணி நேரம் நின்று பார்ப்பதைவிட இந்த இரண்டும் அதிகம் சொல்லும். நம் ஊரில் இதற்கு ஒரு வசதியும் உண்டு. ஆண்டு முழுவதும் சூரியன் ஏறக்குறைய 7 மணிக்கு உதித்து 7 மணிக்கு மறைகிறது. அதனால் வெயிலால் வரும் சத்தம் மாதம் மாறினாலும் நேரம் மாறாது.

அந்தச் சத்தம் எப்படி உண்டாகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். புது வீடுகளில் பெரும்பாலான மர்மச் சத்தம் இதுதான். எஃகு ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் மீட்டருக்கு 0.012 மி.மீ. நீள்கிறது. அடர்நிறத் தகடு மத்தியான வெயிலில் 65 டிகிரியைத் தொடக்கூடும். திடீரென்று மழை கொட்டினால் சில நிமிடங்களில் 28 டிகிரிக்கு வந்துவிடும். 10 மீட்டர் நீளத் தகடு அந்த இறக்கத்தில் 4 மி.மீ.க்கு மேல் சுருங்கும். அலுமினியமாக இருந்தால் ஏறக்குறைய இரு மடங்கு. கீழே உள்ள பர்லினும் (தகட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) டிரஸும் (கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டகம்) பரணின் சூட்டில் இன்னும் நீண்டே இருக்கும். மேலே சுருங்க, கீழே சுருங்காமல் நிற்க, நடுவில் திருகாணி பிடித்திருக்கிறது. இழுவிசை சேர்ந்துகொண்டே போய், உராய்வு தாங்காத கணத்தில் தகடு ஒரு நூலளவு நழுவுகிறது. அந்த நழுவல்தான் டக். அடுத்த திருகாணியில் அடுத்த டக். வரிசையாக வருவதால்தான் நடப்பதுபோல் கேட்கிறது. வெற்றுப் பரணும் மெல்லிய சிலிங் பலகையும் மத்தளம்போல் அதைப் பெரிதாக்கிக் கீழே அனுப்புகின்றன.

ஆகவே காலை 8 முதல் 10 வரை, மாலை 7 முதல் 10 வரை, மத்தியான மழை தொடங்கிய சில நிமிடங்கள், மேகம் வெயிலை மறைத்து விலகும் நேரம் ஆகியவற்றில் சத்தம் வந்தால் அது வெப்பம். பின்னிரவு 2 மணிக்கு மேல் வந்தால் பெரும்பாலும் வெப்பமில்லை, ஏனென்றால் அப்போது தகட்டின் சூடு கிட்டத்தட்ட மாறாமல் இருக்கும். உறுதிப்படுத்த எளிய சோதனை உண்டு. நல்ல வெயிலில் மத்தியானம் 2 மணிக்கு, தரையிலிருந்தோ மாடத்திலிருந்தோ தோட்டக் குழாயால் தகட்டின் மேல் நீரை அடியுங்கள். ஓரிரு நிமிடத்தில் அதே சத்தம் கேட்டால் எலிக்காரரைக் கூப்பிட வேண்டாம். கூரைமேல் ஏறி இந்தச் சோதனையைச் செய்யவே செய்யாதீர்கள்.

விலங்கு என்றால் சத்தம் நகரும். எலி குறுகுறுவென்று ஓடும், கொறிக்கும். இருட்டத் தொடங்கியதும் விடிவதற்கு முன்னும் அதிகம். மைனா பொழுது புலரும்போது கூரை ஓரத்தில் கீறும். கனமாகத் தொம்மென்று குதித்து, மெதுவாக நடந்து, ஓரிடத்தில் நின்றால் மரநாயாக இருக்கலாம். சிக்லாப், ஓப்ரா எஸ்டேட் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இது பழகிய விருந்தாளி. சந்தேகம் இருந்தால் பரண் மூடியைச் சுற்றிப் பலகைமேல் டால்கம் பவுடரை மெலிதாகத் தூவி ஒரு இரவு விடுங்கள். கால்தடம் இருந்தால் தெரிந்துவிடும். மரநாயைப் பிடிப்பதும் கொல்வதும் வனவிலங்குச் சட்டப்படி தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியில்லாமல் கூடாது. குட்டி உள்ளே இருக்கும்போது துளையை அடைத்துவிடவும் கூடாது. குட்டி உள்ளேயே செத்துப்போகும், தாய் கூரையைப் பிய்க்கப் பார்க்கும். முதலில் கழகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். எல்லாம் வெளியேறியது உறுதியான பிறகு 6 மி.மீ. கண்ணுள்ள துருப்பிடிக்காத எஃகு வலையால் அடையுங்கள். பிளாஸ்டிக் வலையை எலி ஒரே இரவில் கடித்துவிடும்.

நீர்ச் சத்தத்தைப் பிரிப்பது சுலபம். படுக்கும்முன் தண்ணீர் மீட்டருக்குப் பக்கத்திலுள்ள பிரதான வால்வை மூடிவிட்டு, அழுத்தப் பம்பின் சுவிட்சையும் அணைத்துவிடுங்கள். அன்று சத்தம் இல்லையென்றால் கூரையை விட்டுவிட்டுக் குழாயைப் பாருங்கள். சலவை இயந்திரம் நீரை நிறுத்தும் கணத்தில் ஒரே அடியாக டொம் என்று கேட்டால் அது நீரின் வேகம் சட்டென்று தடைபட்டதால் வரும் அதிர்வு. அந்த இணைப்பில் அதிர்வுத் தாங்கி பொருத்தினால் போதும். வெந்நீர்க் குழாய் வேறு கதை. 5 மீட்டர் செம்புக் குழாய் 40 டிகிரி சூடேறினால் 3.4 மி.மீ. நீளும், கிளிப் இறுக்கமாக இருந்தால் குளித்து முடித்த பிறகும் டிக் டிக்கென்று கொஞ்ச நேரம் கேட்கும். இரும்புக் கிளிப்புக்கும் குழாய்க்கும் நடுவே ரப்பர் வையுங்கள்.

காற்றடிக்கும்போது மட்டும் படபடத்தால் தகட்டு ஓரத்தின் மடிப்பு, பிடி கழன்ற இடிதாங்கிப் பட்டை, மழைநீர்க் குழாயின் கிளிப் ஆகிய மூன்றையும் தொலைநோக்கியால் கீழிருந்தே பார்த்துவிடலாம். சுமத்ரா புயற்காற்று பெரும்பாலும் விடிகாலையில் வரும், வேகம் மணிக்கு 40 முதல் 80 கி.மீ. வரை போகும். அந்த நேரத்துச் சத்தத்தைத் தனியாகக் குறித்துவையுங்கள். கூரையில் சுழலும் காற்றுப்போக்கி வைத்திருப்பவர்கள், கிறீச்சென்ற சத்தம் வந்தால் அதன் பேரிங்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இனி அந்தச் சொட்டும் சத்தம். 1,900 வெள்ளிப் பூச்சு இதற்காகத்தான் அடிக்கப்பட்டது. மழை பெய்யாத நாட்களில், விடியற்காலை 5, 6 மணிக்குத்தான் அது கேட்டது என்ற ஒரு தகவலே பூச்சு வேண்டாம் என்று சொல்லப் போதுமானது. தெளிந்த இரவில் உலோகத் தகடு தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். நம் விடியற்காலைக் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டுக்கு மேல் போவது சாதாரணம். தகட்டின் அடிப்புறத்தில் பனி படிந்து, சேர்ந்து, சொட்டும். இது கூரை ஒழுகல் இல்லை. மேலே எத்தனை கோட் அடித்தாலும் நிற்காது. எங்கள் வீட்டில் இதைப் பல மடங்காக்கியது குளியலறை எக்ஸாஸ்ட் விசிறி. அதன் குழாய் வெளியே போகவில்லை, பரணுக்குள்ளேயே திறந்து கிடந்தது. குடும்பமே இரவில் குளித்த ஆவி முழுக்க மேலே போய்த் தகட்டில் தங்கியது. உங்கள் விசிறி எங்கே முடிகிறது என்று இன்றே பாருங்கள். 100 மி.மீ. பிவிசி குழாயாகவோ வெப்பத்தடுப்பு சுற்றிய குழாயாகவோ கூரை விளிம்பு வரை கொண்டுபோய், வெளிப்பக்கம் சற்றே சரிவாக வைத்து, முனையில் காற்றுத் திரும்பாத மடலும் வலையும் போட வேண்டும். அதே பரணில் ஓடும் ஏசி குழாயின் கறுப்பு நுரையுறை 9 மி.மீ. மட்டுமே என்றால் அதுவும் வியர்த்துச் சொட்டும். அவ்வளவு சூடும் ஈரமும் உள்ள இடத்தில் 19 மி.மீ. போடச் சொல்லுங்கள், இணைப்புகளை டேப்பால் மட்டும் சுற்றாமல் பசையால் ஒட்டச் சொல்லுங்கள்.

மீட்டர் மாட்டிய பிறகுதான் பெரிய விஷயம் வெளிவந்தது. வெளியே 33 டிகிரி இருக்கும் மத்தியானத்தில் பரணில் 50 டிகிரிக்கு மேல். சூரியன் மறைந்து இரண்டு மணி நேரமாகியும் 40க்குக் கீழே இறங்கவில்லை. இந்த இறங்காத சூடுதான் முக்கியமான அடையாளம். காற்றோடும் பரண் சூரியன் போனதும் வெளிக்காற்றை விரட்டிப் பிடிக்கும். அடைபட்ட பரண் பிடிக்காது. வெளியிலிருந்து பார்த்தால் எங்கள் கூரை உச்சியில் காற்றுப்போக்கி மூடி இருந்தது, விளிம்பின் அடியில் துளையிட்ட பலகையும் இருந்தது. வரைபடத்திலும் இரண்டும் இருந்தன. உள்ளே நிலவரம் வேறு. தகட்டின் கீழ் விரிக்கும் வெள்ளிநிற ஃபாயில் உச்சியில் வெட்டப்படாமல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஒரே துண்டாகப் போயிருந்தது. மூடிக்குள் தகட்டு அலைகளை அடைக்கும் நுரை, காற்றுப் புகாத வகையில் இருந்தது. கீழே விளிம்பில், சூட்டைத் தடுக்கச் சிலிங்மேல் விரிக்கும் கண்ணாடிப் பஞ்சைக் கடைசிவரை திணித்து, துளையிட்ட பலகையின் முதுகை மூடியிருந்தார்கள். காற்று வர வழியில்லை, போகவும் வழியில்லை. பார்த்தபோது வந்த கோபத்தை இன்னும் மறக்க முடியவில்லை. ஃபாயில் விரிப்பவர் ஒருவர், தகடு போடுபவர் ஒருவர், பஞ்சு வைப்பவர் ஒருவர், சிலிங் அடிப்பவர் ஒருவர். கடைசியில் உள்ளே ஏறிச் சரிபார்க்க ஆளே இல்லை என்பதால்தான் இது புது வீடுகளில் நடக்கிறது.

எவ்வளவு திறப்பு வேண்டும்? அமெரிக்கக் கட்டட விதிகளில் பரண் தரைப்பரப்பில் 300இல் ஒரு பங்கு என்று ஒரு கணக்கு உண்டு. மேலும் கீழும் சமமாகப் பிரிந்திருந்தால்தான் அந்தப் பங்கு, இல்லையென்றால் 150இல் ஒரு பங்கு. நமக்கு அது சட்டமில்லை. ஆனால் வேலையைச் சரிபார்க்க நல்ல அளவுகோல். 6 மீட்டர் அகலம், 10 மீட்டர் ஆழமுள்ள பரண் 60 சதுர மீட்டர். 300ஆல் வகுத்தால் 0.2 சதுர மீட்டர், அதாவது 2,000 சதுர செ.மீ. பாதி விளிம்பில், பாதி உச்சியில். 25 மி.மீ. அகலப் பிளவு ஒரு மீட்டருக்கு 250 சதுர செ.மீ. தரும், பூச்சி வலையும் தூசியும் பாதியைத் தின்றுவிடும் என்று வையுங்கள், 125. ஆக விளிம்பில் 8 மீட்டர் பிளவு தேவை. நடு டெரஸ் வீட்டுக்குப் பக்கச்சுவர் வழியாகக் காற்று கிடைக்காது, முன்விளிம்பும் பின்விளிம்பும்தான். 6 மீட்டரும் 6 மீட்டருமாக 12 இருப்பதால் கணக்கு சரியாகவே வருகிறது. அந்த விளிம்பில் பஞ்சு அடைத்தால்தான் கெட்டுப்போகும்.

சிலர் சூரிய ஒளியில் ஓடும் விசிறி ஒன்றைக் கூரையில் வைத்தால் போதும் என்பார்கள். விளிம்பு அடைபட்ட வீட்டில் அதை வைக்காதீர்கள். வெளிக்காற்று கிடைக்காத விசிறி, விளக்குத் துளை வழியாகவும் பரண் மூடியின் இடுக்கு வழியாகவும் உங்கள் ஏசிக் காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும். ஏற்கெனவே வைத்திருந்தால், அது ஓடும்போது மூடியின் ஓரத்தில் ஒரு டிஷ்யூத் தாளைப் பிடித்துப் பாருங்கள். தாள் மேல்நோக்கி இழுபட்டால் மின்கட்டணம் எங்கே போகிறது என்று தெரிந்துவிடும்.

சரிசெய்த வேலை இதுதான். உச்சி மூடியைக் கழற்றி, ஃபாயிலை உச்சியின் இரு பக்கமும் 50 மி.மீ. வெட்டி, ஓரத்தை மடித்து ஒட்டி, காற்றுப்போகும் வகை நுரையும் மழைத்தடுப்பு உள்ள மூடியும் போட்டார்கள். சுமத்ரா காற்று மழையைக் கிடைமட்டமாக அடிக்கும், தடுப்பில்லாத மூடி அதற்குத் தாங்காது. ஃபாயிலின் கீழ்விளிம்பு கூரையோர மழைநீர் வாய்க்காலுக்குள் முடிகிறதா, மேல் துண்டு கீழ்த் துண்டின்மேல் 150 மி.மீ. படிகிறதா என்றும் பார்க்க வேண்டும். அப்போதுதான் தகட்டில் படியும் பனிநீர் வெளியே வழியும். விளிம்பில் பஞ்சைப் பின்னுக்கு இழுத்து, அது மறுபடி சரியாமல் 50 மி.மீ. இடைவெளி விடும் தடுப்புத் தகடுகளை டிரஸுக்கு இடையே பொருத்தினார்கள். பஞ்சு எல்.இ.டி. விளக்குகளுக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் சிறு பெட்டியின் (டிரைவர்) மேல் படாதபடியும் ஒதுக்க வேண்டும்.

காற்றோட்டம் மட்டும் சத்தத்தை நிறுத்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பரணின் மத்தியானச் சூடு 40 டிகிரிக்குப் பக்கத்தில் வந்தது, மாடி அறை இரவில் உடனே குளிர்ந்தது, சத்தம் குறைந்தது, நிற்கவில்லை. தகடு வெயிலில்தானே கிடக்கிறது. அதற்காக அதிகச் சத்தம் வந்த வரிசைகளில் திருகாணியைக் கழற்றி, தகட்டின் துளையைச் சற்றுப் பெரிதாக்கி, அகன்ற ரப்பர் வாஷரோடு அளவான இறுக்கத்தில் போட்டார்கள். வாஷர் பிதுங்கி வெளியே வந்தால் அதிக இறுக்கம். அது தகட்டை நழுவவும் விடாது, சீக்கிரமே கிழிந்து ஒழுகவும் செய்யும். பர்லினுக்கும் தகட்டுக்கும் நடுவே உராய்வு குறைக்கும் பட்டையும் வைத்தார்கள். இரண்டு பக்கமும் திருகியிருந்த ஓர மடிப்புகளை ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும்படி மாற்றினார்கள். எல்லாம் சேர்த்து 2,800 வெள்ளி. புதிதாகக் கட்டுகிறவர்கள் நழுவும் கிளிப் உள்ள கூரையைக் கேட்டு வாங்கினால் இந்தச் செலவே இல்லை.

பரணுக்குள் நீங்களே ஏறிப் பார்ப்பதென்றால் காலை 9 மணிக்குள் ஏறுங்கள், மத்தியானச் சூட்டில் மயக்கம் வரும். சிலிங் பலகையில் கால் வைக்காதீர்கள், டிரஸ்மேல் பலகை போட்டு அதில் நில்லுங்கள். என்95 முகக்கவசம், நீளக்கை சட்டை, கீழே ஒரு ஆள். கூரைமேல் வேலை செய்ய வருகிறவர்களிடம் பாதுகாப்புக் கயிறு எங்கே கட்டப்போகிறார்கள் என்று கேளுங்கள். 3 மீட்டருக்கு மேல் விழக்கூடிய வேலைக்கு வேலை அனுமதி முறை வேண்டும் என்பது மனிதவள அமைச்சின் விதி. கூரையின் கட்டமைப்பையே மாற்றுவதாக இருந்தால் தகுதிபெற்ற பொறியாளர் வழியாகக் கட்டட, கட்டுமான ஆணையத்தின் அனுமதி தேவை.

கட்டுமான நிறுவனத்திடமிருந்து நேராகப் புது வீடு வாங்கியவர்களுக்கு 12 மாதக் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் இருக்கிறது. அதற்குள் எழுத்தில் அறிவித்த குறையை ஒரு மாதத்துக்குள் அவர்கள் செலவிலேயே சரிசெய்ய வேண்டும். எங்களுக்கு அது முடிந்துபோயிருந்தது. உங்களுக்கு முடியவில்லை என்றால் சாவி வாங்கிய வாரமே பரண் மூடியைத் திறந்து உச்சி ஃபாயில், விளிம்புப் பஞ்சு, எக்ஸாஸ்ட் குழாயின் முனை மூன்றையும் படமெடுத்து மின்னஞ்சலில் அனுப்புங்கள். சத்தம் என்று மட்டும் எழுதினால் உலோகக் கூரையில் அது இயல்பு என்று பதில் வரும். படமும் மீட்டர் பதிவும் வரைபடத்தின் பக்கமும் சேர்த்து அனுப்பினால் அப்படிப் பதில் சொல்ல முடியாது. தேவையில்லாத வேலைக்குப் பணம் வாங்கிய குத்தகையாளர்மேல் சிறு உரிமைக் கோரல் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு விலைப்பட்டியலில் என்ன காரணத்துக்காக இந்த வேலை என்று அவர் கையாலேயே எழுதி வாங்கியிருந்தால் பெரிதும் உதவும்.

வேலை முடிந்த பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை விளிம்பு வலையின் தூசியைத் துடைக்கச் சொல்லுங்கள். அதே ஏணியில் மழைநீர் வாய்க்காலின் இலைகளையும் அள்ளிவிட்டு, டெங்கிக் கொசுவுக்காகத் தேசியச் சுற்றுப்புற வாரியம் சொல்லும், கொசுப்புழுவைக் கொல்லும் பிடிஐ மருந்தையும் போட்டுவிடலாம். சூரியத் தகடு பொருத்த ஆள் வந்தால், அதன் அலுமினியத் தண்டவாளத்தை ஒரே நீளமாக விடாமல் இணைப்பில் விரிவு இடைவெளி வைக்கச் சொல்லுங்கள். எஃகைவிட அலுமினியம் இரு மடங்கு நீள்வதால் அந்த இடைவெளி இல்லாத கூரையில் டக் சத்தம் மறுபடி தொடங்கிவிடும்.